வெச்சுக்கோ, வாரேன்

எங்கள் வீட்டில் இரண்டு அறைகள். முன் அறையில் கார் இருந்தது. பின் அறையில் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பதினோரு வருஷம் அந்தப் பின் அறையில் கிடந்தவளுக்குத்தான் தெரியும், அது சிரிக்கிற சங்கதியா இல்லையா என்று.

போன மாதம் ஒருவர் தேடி வந்தார். பழைய வண்டிகளைச் சேர்த்து வைக்கிறவராம். எங்களிடம் அப்படி ஒரு ரெண்டு சீட்டு பந்தய வண்டி இருந்ததை எங்கேயோ கேள்விப்பட்டிருக்கிறார். காப்பி கொடுத்தேன். குடித்துவிட்டு, "அதெல்லாம் ஓட்டற வண்டி இல்லீங்கம்மா, பாதுகாக்கற வண்டி" என்று எனக்கே பாடம் சொன்னார். எனக்கு வந்ததே கோபம்! பாதுகாப்பைப் பற்றி என்னிடமா பேசுவது? டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் கிளம்புங்கள் என்று அனுப்பிவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார். அவரிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நான் ஆட்டையாம்பட்டியில் பிறந்தவள். ஐம்பதுகளின் தொடக்கத்தில் கலியாணமாகிச் சேலம் அஸ்தம்பட்டிக்கு வந்தேன். ஏற்காடு ரோட்டிலிருந்து உள்ளே இறங்கினால் ஓட்டு வீடுகள் ஒரே வரிசையாக இருக்கும். அதில் நடு வீடு எங்களுடையது. என் வீட்டுக்காரர் ஏற்காட்டு மலையில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் காப்பித் தோட்டத்தில் டிரைவர். தோட்டத்து ஜீப்பை இவர் ஓட்டுவார். துரையிடம் இன்னொரு வண்டியும் உண்டு. இலைப்பச்சை நிறம், கூரை கிடையாது, மழை வந்தால் கான்வாஸ் துணியை இழுத்து மூட வேண்டும், கம்பிச் சக்கரங்கள், இரண்டே பேர் உட்காரலாம். அதைத் துரைதான் ஓட்டுவார். பக்கத்தில் இவர் உட்கார்ந்து போவார். கழுவுவது, துடைப்பது, கெட்டால் பிரித்துப் பூட்டுவது எல்லாம் இவர். ரோட்டில் ஒரு ஃபர்லாங்கு கூட இவர் அதை ஓட்டியதில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

சுதந்திரம் வந்து சில வருஷம் கழித்துத் துரை தோட்டத்தை விற்றுவிட்டு ஊருக்குக் கிளம்பினார். கிளம்புகிற அன்று அந்தப் பச்சை வண்டியை ஓட்டிக்கொண்டு நேராக எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். பின்னாலேயே ஒரு வாடகைக் கார், பெட்டிகளோடு. நான் மோர் கொண்டுவந்து நின்றேன். வாங்கிக் குடித்தார். இருபது வருஷம் தோட்டத்து ஆட்களோடு பேசிப் பழகிய தமிழ், எங்களைப் போலவே பேசுவார். சாவியை எடுத்து என் வீட்டுக்காரர் கையில் வைத்து, "வெச்சுக்கோ" என்றார். என்னைப் பார்த்துக் கும்பிட்டு, "வாரேன்மா" என்றார். திரும்பி இவரைப் பார்த்து ஒரு தரம், "வாரேன்." அவ்வளவுதான். வாடகைக் கார் ஜங்ஷன் பக்கம் போய்விட்டது.

இந்த மூன்று வார்த்தைக்காகத்தான் பதினோரு வருஷம்.

அன்று சாயங்காலமே சண்டை ஆரம்பித்துவிட்டது.

"நமக்கே குடுத்துட்டுப் போயிட்டாருங்க!" என்றேன் நான், வாயெல்லாம் பல்லாக.

"குடுத்தாருன்னு எவ சொன்னா? வெச்சுக்கோன்னாரு. பத்திரமா வெச்சுக்கோ, வந்து வாங்கிக்கறேன்னு அர்த்தம்."

"வெச்சுக்கோன்னா நீயே வெச்சுக்கோன்னு அர்த்தமுங்க. சந்தைல முறுக்குக்காரி கொசுறு குடுக்கையில வெச்சுக்கோ சாமின்னு சொல்றாளே, அப்பறம் வந்து திருப்பிக் கேக்கறாளா?"

"அப்ப வாரேன்னு எதுக்குச் சொன்னாரு?"

"வாரேன்னா போறேன்னு அர்த்தம்! நீங்க காலைல வேலைக்குப் போகையில என்ன சொல்லீட்டுப் போறீங்க?"

"வாரேன்னு."

"அப்பறம்?"

"சாயங்காலம் வாரேனில்ல?"

இந்த மனுஷனிடம் என்னத்தைப் பேசுவது! எங்கள் பக்கத்தில் யாரும் 'போறேன்' என்று சொல்லிக்கொண்டு புறப்பட மாட்டார்கள். அது ஆகாத சொல். பரலோகம் போகிறவன் கூட வாரேன் என்றுதான் சொல்வான். சாவு வீட்டில் மட்டும்தான் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வருவோம். இது இவருக்கும் தெரியும். "நாம சொன்னா அது வழக்கம். வெள்ளைக்காரன் சொன்னா அது வாக்கு" என்றார்.

வண்டி வெயிலில் நிற்கலாமா? கூடாது. வாசல் நிலையைப் பெயர்த்துச் சுவரில் பாதியை இடித்து வண்டியை முன் அறைக்குள் தள்ளினார். நிலை இருந்த இடத்தில் அகலமாகப் பலகைக் கதவு போட்டார். அச்சுக்கு அடியில் கட்டைகள் கொடுத்துச் சக்கரங்கள் தரையில் படாமல் நிறுத்தினார். வண்டிக் கதவில் இருந்த தோல் பையில் துரை ஒட்டி வைத்த ஒரு கவர் இருந்தது. அதைக் கூடப் பிரிக்கவில்லை. "அது தொரையோட காயிதம்" என்று திரும்ப அங்கேயே வைத்தார்.

பிறகு ஒரு ரைஸ்மில்லில் லாரி ஓட்டப் போனார். நடந்து போகிற தூரம்தான். வண்டியை விட்டு வேறு எங்கும் போகக்கூடாதே!

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு முன் அறைக்குள் போவார். நாலு சக்கரத்தையும் கையால் சுற்றிவிடுவார். அவை அந்தரத்தில் நின்ற இடத்திலேயே சுற்றும். தோல் சீட்டுக்கு எண்ணெய் தடவுவார். மாதம் ஒரு தரம் ஹேண்டில் போட்டு எஞ்சினை முடுக்குவார். புகை போவதற்கு வழி இல்லாமல் பின் அறைக்கு வரும். அன்றைக்குச் சோறு, குழம்பு, குழந்தையின் தலைமுடி எல்லாம் பெட்ரோல் வாடை அடிக்கும். என் சேலைகளை வைக்க ஒரு பெட்டி கிடையாது, கயிற்றுக் கொடிதான். வண்டிக்கு மட்டும் இரண்டு போர்வை. அதில் ஒன்று என் கலியாணத்துக்கு எடுத்த ஜமுக்காளம்.

இதே மனுஷன் மில்லில் லாரி இரண்டு நாள் சும்மா நின்றால் முதலாளியிடம் போய்க் கத்துவார். "நிக்கற வண்டிக்குத்தான் நோவு சாஸ்திங்க. ஓட ஓடத்தான் வண்டி." நான் ஒரு நாள் அதையே அவரிடம் திருப்பிச் சொன்னேன். "அது ஒழைக்கற வண்டி, இது அப்பிடியில்ல" என்றார். "எப்பிடி?" என்று கேட்டால் துணியை எடுத்துக்கொண்டு துடைக்கப் போய்விடுவார்.

பக்கத்து வீட்டில் தறி நெய்கிற அக்கா ஒருத்தி இருந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள், வாய் ஓயாது, தறியும் ஓயாது. அவள் சொல்வாள்: "என்ற தறி நாலு நாளு நின்னாப் போதும் அம்மிணி, பாவு நூல்ல எலி பூந்துரும். உன்ற ஊட்டுக்காரரு எலிக்குப் போட்டியா நிக்கறாரு." இன்னொரு நாள், "நாய் பெத்த தெங்கம்பழம்னு கேள்விப்பட்டிருக்கேன், இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்று சொல்லி அவளே சிரித்தாள். நானும் சிரித்தேன். நாய்க்குத் தேங்காய் கிடைத்தால் உருட்டத்தான் முடியும், உடைக்கவும் முடியாது, விட்டுப் போகவும் மனசு வராது. அந்த நாயோடு ஒரே கயிற்றில் என்னையும் கட்டி வைத்திருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

நாலாம் வருஷம் யாரோ கதவு இடுக்கில் கையை விட்டு ஹாரனின் ரப்பர் பந்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு நாள் இவர் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கொத்தனாரைக் கூட்டிவந்தார். பலகைக் கதவை எடுத்துவிட்டு வாசலையே செங்கல் வைத்து அடைக்கச் சொன்னார். நான் இரண்டு வயதுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே நின்றேன். ஒவ்வொரு வரிசையாகத் தெரு சின்னதாகிக்கொண்டே வந்தது. முதலில் எதிர்வீட்டுப் படி போனது, பிறகு மனிதர்களின் இடுப்பு வரை போனது, பிறகு தலை. கடைசியில் வேப்பமரத்து உச்சி மட்டும் தெரிந்தது. அதையும் கொத்தனார் அடைத்தார். குழந்தை, "அம்மா, தெரு காணோம்" என்றது.

இது நடந்த அன்றைக்கு நான் அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு எங்களுக்குப் பின் சந்துதான் வழி. ஓர் ஆள் நடக்கிற சந்து, பாதி சாக்கடை. விருந்தாளி வந்தால் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். அதனால் விருந்தாளி வருவது நின்றது. எங்கள் பங்குக் கோயில் திருவிழாவில் மாதா தேர் முன் தெரு வழியாக வரும். எல்லோரும் அவரவர் வாசலில் மெழுகுவர்த்தி ஏற்றி நிற்பார்கள். பேண்டுச் சத்தம் நெருங்கி நெருங்கி வந்து, எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, அப்படியே கடந்து போகும். உள்ளே நான் இருட்டில் வண்டியின் பக்கத்தில் நின்று சிலுவை போட்டுக்கொள்வேன். மாதாவே, உனக்காவது இந்த வீட்டில் ஆள் இருக்கிறது தெரியுமா என்று கேட்டிருக்கிறேன்.

முன் அறைக் கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. அதன் வழியாக விழுகிற வெயில் காலையில் பானட் மேல் இருக்கும். உச்சிப் பொழுதில் ஸ்டியரிங்குக்கு வரும். மூன்று மணிக்கு இடது சீட்டில் இறங்கும். வேலை ஓய்ந்ததும் நான் போய் அந்த இடது சீட்டில் உட்காருவேன். எதிரே செங்கல் சுவர். சுவரைப் பார்த்துக்கொண்டே நாமக்கல் போவேன், ஓமலூர் போவேன், ஆட்டையாம்பட்டி போவேன். வெயில் சீட்டை விட்டு நகர்ந்ததும் எழுந்து போய் அடுப்புப் பற்ற வைப்பேன்.

அறுபதுகள் பிறந்த பிறகு என் அண்ணன் நாமக்கல்லில் லாரிக்குக் கூடு, அதாவது பாடி, கட்டுகிற பட்டறை போட்டிருந்தான். இரண்டு லாரி சொந்தமாகவும் விட்டான். நல்ல டிரைவர் வேண்டும், மாப்பிள்ளையைவிட நல்ல டிரைவர் யார், பட்டறைக்குப் பக்கத்திலேயே வீடு தருகிறேன் என்று சொல்லி அனுப்பினான். வாசல் வைத்த வீடு. வாசலுக்கு முன்னால் ரோடு. நான் அன்று இரண்டு தரம் விளக்கு ஏற்றினேன், எதற்கு என்று தெரியாமல்.

இவர் சொன்னார்: "வண்டிய யாரு பாக்கறது? தொரை வந்து கேட்டா என்ன சொல்றது?"

அண்ணன் ஒரு வருஷம் பொறுத்தான். மறுபடி ஆள் அனுப்பினான். ஈஸ்டர் முடிந்து பத்து நாளைக்குள் வரவில்லை என்றால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வேன், கோபித்துக்கொள்ளக் கூடாது என்று.

அது ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம். வெள்ளிக்கிழமை. இவர் மில்லுக்குப் போயிருந்தார். நான் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு முன் அறைக்குப் போனேன். பெட்ரோல் டின் மூலையில்தான் இருந்தது. ஜமுக்காளத்தை எடுத்துவிட்டு அந்த வண்டியைப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. பதினோரு வருஷத்தில் என் முகத்தில் எத்தனை கீறல் விழுந்துவிட்டது, அதற்கு ஒன்று இல்லை. குச்சியைக் கையில் எடுத்தேன். பின் அறையில் குழந்தை வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. குச்சியைப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

மறுநாள் கோயிலில் பாவசங்கீர்த்தனம், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்கிற நாள். எங்கள் பக்கத்தில் குழந்தையும் சாமி, கிழவனும் சாமி, பூசை வைக்கிறவரும் சாமி. பங்குச் சாமியாரிடம் முழந்தாளிட்டு, "கோபம் சாமி, கொல்லற கோபம்" என்றேன்.

"யாரு மேலம்மா?"

"கார் மேல சாமி."

சாமியார் மெதுவாக, "என்ன மேல?" என்று கேட்டார். எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டுவிட்டுப் பாவத்துக்கு அபராதமாகச் சில ஜெபங்களைச் சொல்லச் சொன்னார். நான் எழும்போது, "துரை வெச்சுட்டுப் போன அந்தக் கவரை எடுத்துட்டு வாங்கம்மா, இங்கிலீஷ்ல இருந்தா நான் படிச்சுச் சொல்றேன்" என்றார்.

வீட்டுக்கு ஓடினேன். இவர் மில்லில் இருந்தார். கதவுப் பையிலிருந்து கவரை எடுத்து முந்தானையில் மறைத்துக்கொண்டு திரும்பவும் ஓடினேன். சாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை ஏற்கெனவே யாரோ பிரிச்சு ஒட்டியிருக்காங்களேம்மா" என்றார்.

ஓரத்தில் காய்ந்த சோற்றுப் பசை. ஒரு பருக்கை அப்படியே ஒட்டியிருந்தது. எங்கள் வீட்டு மோட்டா அரிசிப் பருக்கை.

உள்ளே வண்டியின் புத்தகம். என் வீட்டுக்காரர் பேருக்கு மாற்றித் துரை கையெழுத்துப் போட்டிருந்தார். கூட ஒரு சின்ன கடிதம். சாமியார் படித்துச் சொன்னார்: இந்த வண்டி உனக்கு. நிறுத்தி வைத்தால் கெட்டுவிடும், ஓட்டு. பக்கத்துச் சீட்டில் இத்தனை நாள் நீ உட்கார்ந்தாய், இனிமேல் உன் பெண்சாதி உட்காரட்டும்.

எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியாது. இவர் மில்லிலிருந்து வந்து முன் அறையில் துடைத்துக்கொண்டிருந்தார். கவரை பானட் மேல் வைத்தேன். பார்த்தார். துடைக்கிற கை நின்றது.

"சோத்துப் பசை யாருங்க போட்டது?"

அவர் துணியை நாலாக மடித்தார்.

"தொரை வருவாருன்னு நெஜமா நெனச்சவரு வாசலை அடைச்சிருப்பீங்களா? வந்தா எப்பிடி எடுத்துட்டுப் போவாரு? நான் ஒரு முட்டாள், அன்னைக்கே கேட்டிருக்கோணும்!"

அவர் வண்டியின் ஓரத்தில் உட்கார்ந்தார். தலையைத் தூக்கவில்லை. "மில்லு கணக்குப்புள்ளகிட்டக் குடுத்துப் படிச்சேன். மூணாம் மாசமே."

"மூணாம் மாசமா? அப்பறம் ஏனுங்க சொல்லல?"

"நம்முதுன்னு சொன்னா நீ என்ன சொல்லியிருப்ப?"

"வித்துருங்கன்னு சொல்லியிருப்பேன்."

"உன்ற அண்ணன்?"

"அவனும் அதத்தான் சொல்லியிருப்பான்."

"அதான்" என்றார். "டிரைவருக்கு எதுக்குடா இந்த வண்டின்னு ஊரே சொல்லும். நாயமும் அதுதான. தொரையோடதுன்னு சொன்னாத்தான் அது என்ற ஊட்டுல இருக்கும்." துணியை மறுபடி விரித்து, "நான் வேற எதுக்குமே ஆசப்பட்டதில்ல புள்ள" என்றார்.

பாவமாகவும் இருந்தது, அப்படியே பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது. உலுக்கல்தான் ஜெயித்தது.

"அப்ப என்னைய? பதினோரு வருசம் என்னைய எதுக்குக் காவல் போட்டீங்க? சரி, ஆசப்பட்டீங்க. ஒரு நாளாவது ஓட்டுனீங்களா? ஆசப்பட்ட பொருள அனுபவிக்கவும் இல்ல, எங்கள வாழ உடவும் இல்ல!"

"ஓட்டுனா தேஞ்சுரும்" என்றார், குழந்தை மாதிரி.

"தேயட்டும்! நான் தேயலியா?"

பக்கத்து வீட்டில் புதுத் தறிக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். சந்து வழியாகப் போய், "அக்கா, கடப்பாரை குடு" என்றேன். அக்கா என் முகத்தைப் பார்த்து ஒன்றும் கேட்காமல் கொடுத்தாள். வந்து சுவரின் நடுவில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினேன். காரை உதிர்ந்தது. இன்னொரு குத்து. இவர் ஓடி வந்தார், தடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். "கீழ இடிக்காத, கீழ இடிக்காத! மேல இருந்து உழுந்து பானட்டு நசுங்கிரும். மேல இருந்து ஒவ்வொரு வரிசையா எடுக்கோணும்" என்று சொல்லிக் கடப்பாரையை வாங்கிக்கொண்டார். அடப் பாவி மனுஷா! ஆனால் அவரேதான் இடித்தார். சாயங்காலத்துக்குள் தெரு வந்துவிட்டது. எதிர்வீட்டில் புது ஆட்கள் குடியிருந்தார்கள். எனக்கு அவர்களைத் தெரியாது, அவர்களுக்கு என்னையும் தெரியாது.

ஈஸ்டருக்கு மறுநாள் கட்டைகளை எடுத்துச் சக்கரங்களைத் தரையில் இறக்கினார். தெருவே கூடி நின்றது. இவர் முதல் முதலாக வலது சீட்டில் உட்கார்ந்தார். நான் இடது சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டேன். வண்டி ஏற்காடு ரோட்டில் ஏறி மலையைப் பார்த்து ஓடியது. காற்று, அப்பப்பா, அந்தக் காற்று! என் தலைமுடி அவிழ்ந்து குழந்தையின் வாய்க்குள் போனது. அது சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. இவர் அழுதுகொண்டே ஓட்டினார். ஒருவர் ஆசையை இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் நான் பார்த்ததில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

மலை அடிவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பட்டென்று சத்தம். முன் டயர் வெடித்துவிட்டது. இறங்கிப் பார்த்தால் மற்ற டயர்களிலும் ரப்பர் வெடித்து வெடித்து இருந்தது, காய்ந்த குளத்து மண் மாதிரி. பின்னால் மாட்டியிருந்த உபரிச் சக்கரமும் அப்படியே. ஒரு தரம் கூடத் தேயாத டயர்கள் நின்றே செத்திருந்தன.

இவர் வண்டியை ஓரம் தள்ளிப் புளியமரத்தடியில் நிறுத்தினார். மடியிலிருந்து துணியை எடுத்தார். பானட் மேல் படிந்த தூசியைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே சொன்னார்: "பஸ்ஸு வரும், நீங்க ரெண்டு பேரும் ஊட்டுக்குப் போங்க. நான் இங்க இருந்து வண்டியப் பாத்துக்கறேன்."

பாத்துக்கறேன். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. திரும்பவும் ஆரம்பித்துவிட்டது. நாளைக்கு டயர் தேடப் போவார். அதற்குள் வெயில் படுமே என்று ஒரு கூரை போடுவார். கூரைக்குச் சுவர் வேண்டும்.

மலையிலிருந்து பஸ் இறங்கி வந்தது. கையைக் காட்டினேன், நின்றது.

"வாரேனுங்க" என்றேன்.

"செரி" என்றார், துடைத்துக்கொண்டே.

சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது நான் எதுவும் தீர்மானிக்கவில்லை. அஸ்தம்பட்டி வந்தது. கண்டக்டர் விசில் ஊதினார். நான் எழுந்திருக்கவில்லை. குழந்தை என் கையை இழுத்து, "அம்மா, நம்ம ஊடு போயிருச்சு" என்றது. "போவட்டும் சாமி" என்றேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கி நாமக்கல் பஸ்ஸில் ஏறினோம். கட்டின சேலை, காலில் செருப்பு, அவ்வளவுதான் எங்களிடம் இருந்தது.

அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. அவன் பெண்சாதிதான் ஆயிரம் கேட்டாள். பட்டறைக்கு எதிரே வாசலில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். லாரிகள் போயின, வந்தன. முதல் நாள் சந்தோஷமாக இருந்தது. இரண்டாம் நாள் பயம் வந்தது. ஐந்தாம் நாள் பயம் வளர்ந்து, இந்த மனுஷன் அந்தச் சுவரைத் திரும்பக் கட்டிவிட்டார் என்றே முடிவு செய்துவிட்டேன். அண்ணன் சொன்ன கெடு நெருங்கியது. அவனும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தான்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் ரோட்டில் எஞ்சின் சத்தம். எனக்குத் தெரியாதா அந்தச் சத்தம்? பதினோரு வருஷம் அதன் புகையைத் தின்றவள்.

வண்டி வந்து வாசலில் நின்றது. நாலு டயரும் நாலு விதம், எங்கெங்கோ பழைய கடையில் பொறுக்கியவை. மட்கார்டு ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. ராசிபுரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மாட்டு வண்டி திரும்பியதாம். ஒரு விளக்கு உடைந்திருந்தது. பச்சை நிறமே தெரியாமல் புழுதி. அந்த வண்டியை எனக்கு முதல் தடவையாகப் பிடித்தது அப்போதுதான்.

இவர் இறங்கினார். முகத்திலும் புழுதி. கோபமாகத்தான் வந்திருந்தார்.

"வாரேன்னுதான சொல்லீட்டுப் போன? ஊட்டுல உக்காந்து எத்தன நாளு பாத்துட்டே இருந்தேன் தெரியுமா?"

"தொரையும் அதேதானுங்க சொன்னாரு" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். ஒரு லாரி போய், அதன் தூசியும் அடங்கிவிட்டது. பிறகு மடியில் கையை விட்டுச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

"வெச்சுக்கோ" என்றார்.

வாரேன் என்று சொல்லவில்லை. நான் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அவருக்குச் சோறு போட உள்ளே போனேன்.